சங்கவி பேரில் ஒரு துப்பாக்கி

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் வச்சலாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சி.பி.ஐ. என்பார்கள். ஏலத்தில் கூடை எடுக்கும்போது மேலாக அடுக்கியிருக்கும் மீனை அவள் பார்க்கவே மாட்டாள். கையை அடிவரைக்கும் விட்டு, கீழே கிடப்பதில் ஒன்றை உருவி, செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அணுமின் நிலைய டவுன்ஷிப் ஆட்கள் போனில் பணம் அனுப்பி, அது வந்துவிட்டதைப் பக்கத்திலிருக்கும் பெட்டி சத்தமாகச் சொன்ன பிறகும், "இரு சார், எம் போன்ல மெசேஜ் வரட்டும்" என்று நிறுத்தி வைப்பாள். முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அவளிடம் வாங்கிய மீன் கெட்டுப்போயிருந்தது என்று சொன்னவர் யாரும் இல்லை.

அவள் கணவன் லட்சுமணன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். அதிகம் பேசமாட்டான், யாரையும் எளிதில் நம்பிவிடுவான். ஒரே மகள் சங்கவி பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோதுதான் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டாள். அதன்பிறகு செங்கல்பட்டில் ஞானதாஸ் மாஸ்டரிடம் போகத் தொடங்கினாள். ராணுவத்திலிருந்து வந்த அவர், பழைய அரிசி மண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பத்து மீட்டர் ரேஞ்ச் நடத்திக்கொண்டிருந்தார். சனி ஞாயிறுகளில் சங்கவி பஸ் ஏறிப் போய்விடுவாள்.

மாவட்டப் போட்டியில் ரேஞ்சின் இரவல் ஏர் ரைஃபிளால்தான் சுட்டாள். தோளில் பதிக்கும் அதன் கட்டை பெரிய ஆளுக்கானது. அவள் தோளில் பொருந்தாமல் நழுவியதால் ஒரு துண்டைச் சுருட்டி இடையில் வைத்துக்கொண்டாள். அப்படியும் இரண்டாவதாக வந்தாள்.

பதக்கம் கொடுக்க வந்திருந்தவர் கிருபாகரன். மனைப்பிரிவு போட்டு விற்கிறவர்; செய்யூர் பக்கம் பெரிய பண்ணை வைத்திருந்தார். அடுத்த வாரமே மனைவியோடு, பழக்கூடையோடு, சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சொந்தமா ஒரு துப்பாக்கி இல்லாம இந்தப் பொண்ணு மேல போக முடியாது. அதை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

லட்சுமணன் கை கூப்பினான். வச்சலா மட்டும் கேட்டாள், "எதுக்கு சார்?"

"என்னம்மா?"

"எதுக்கு எங்களுக்கு? மாவட்டத்துல எத்தினியோ புள்ளைங்க சுடுதுங்க."

கிருபாகரன் சிரித்தார். "திறமை இருக்கிற இடத்துலதானேம்மா செய்யணும்."

நல்ல பதில்தான். ஆனால் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த பதில் போல அவள் காதில் விழுந்தது.

பெண் பிள்ளை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் முதலில் வருகிற சந்தேகம் என்னவோ, அதுதான் அவளுக்கும் வந்தது. அன்றிலிருந்து சங்கவியைத் தனியாக விடவில்லை. சனிக்கிழமை வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, மீன் வாசனை போக இரண்டு முறை குளித்து, மகளோடு ரேஞ்சுக்குப் போய் சுவரோரம் உட்கார்ந்தாள். கிருபாகரன் வரும்போதெல்லாம் அவர் கண் எங்கே போகிறது, கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு குறையும் தென்படவில்லை. அவர் சங்கவியிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதே இல்லை. பெரும்பாலும் மனைவியோடுதான் வந்தார்.

அவர் கவனமெல்லாம் துப்பாக்கியின் மேல்தான் இருந்தது. மகளைப் பற்றிய பயம் மெல்லக் குறைந்தது. அந்த இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் இந்த ஆளுக்கு என்னதான் வேண்டும்?

ஒருநாள் கிருபாகரன், ஞானதாஸ் மாஸ்டர், அம்மா, மகள் நால்வரும் அவர் காரில் சென்னைக்குப் போனார்கள், துப்பாக்கி பார்க்க. கடைக்காரர் முதலில் ஒரு ஏர் ரைஃபிளை எடுத்து வைத்தார். கட்டையை நீட்டலாம், குறைக்கலாம், கன்னம் படும் பலகையை ஏற்றி இறக்கலாம். சங்கவி அதைத் தோளில் வைத்தாள். கடைக்காரர் ஒரு சின்னச் சாவியால் திருகித் திருகிச் சரி செய்தார். மூன்றாவது முறை வைத்தபோது சங்கவியின் முகம் மாறியது. துண்டு தேவைப்படவில்லை. கழுத்தை வளைக்காமல், மூச்சை நிறுத்தி, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதான் மாஸ்டர்" என்றாள்.

ஞானதாஸ் தலையாட்டுவதற்குள் கிருபாகரன் குறுக்கே வந்தார். "இது பத்து மீட்டரோட நின்னுடும். பெருசா யோசிக்கணும். தோட்டா ரைஃபிள் காட்டுங்க. பாயிண்ட் டூ டூ."

கடைக்காரர் இரண்டு எடுத்து வந்தார். ஒன்று போட்டிக்கென்றே செய்தது. கனமான குழல், பின்னால் வளையம் வைத்த குறிபார்ப்பான். படுத்துக்கொண்டு சுடுவதற்கானது. இன்னொன்று மெலிந்தது, குட்டையானது. தோள் வாரோடு, மேலே தொலைநோக்கி மாட்டத் தடம் வெட்டியிருந்தது. கிருபாகரன் இரண்டாவதைக் கையில் எடுத்தார். சட்டென்று தோளில் ஏற்றி, இறக்கி, நடந்து பார்த்தார்.

"சின்னப் பொண்ணு. கனமானதை எப்படித் தூக்கும்? இதுதான் சரி" என்றார்.

"போட்டியில தொலைநோக்கி வைக்க விடமாட்டாங்க அங்கிள்" என்றாள் சங்கவி.

"ப்ராக்டீஸுக்கு இருக்கட்டும்மா." பிறகு கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்? எழுபது எண்பது மீட்டர்ல எப்படிப் போகும்?"

கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பாப்பாவுக்குத்தானே சார்?"

"பாப்பாவுக்குத்தான்."

ஞானதாஸ் மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தரையைப் பார்த்ததை வச்சலா பார்த்தாள்.

அன்று வாங்கவில்லை, உரிமம் வந்த பிறகுதான் வாங்க முடியும். விளையாட்டுக்காரர் என்ற முறையில் சங்கவி பெயரில் விண்ணப்பம் போடுவதாக ஏற்பாடு. திரும்பி வந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது வச்சலா மகளிடம் கேட்டாள்.

"உங்க போட்டி எவ்ளோ தூரம்?"

"அந்தத் துப்பாக்கியில அம்பது மீட்டர்."

"அப்போ எண்பது எதுக்குக் கேட்டாரு?"

சங்கவி தோளைக் குலுக்கினாள். குழம்பை ஊற்றிக்கொண்டே அவளாகவே சொன்னாள். "தோட்டா கூட முனையில குழி வச்சது கெடைக்குமான்னு கேட்டாருமா. அட்டையில ஓட்டை போட அது தேவையே இல்ல."

"பின்ன எதுக்கு அது?"

"ஒடம்புக்குள்ள போனா விரியும். மாஸ்டர் ஒருவாட்டி சொல்லிக்கீறாரு."

வச்சலா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. லட்சுமணன், "பெரிய மனுசன், ஏதோ ஆசையில கேட்டிருப்பாரு. வுடு" என்றான்.

அந்த மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபாகரன் எல்லோரையும் பண்ணைக்கு விருந்துக்கு அழைத்தார். செய்யூரிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், சவுக்குத் தோப்பைத் தாண்டி, மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை போட்ட நிலத்தின் ஓரத்தில் அவர் வீடு. நிலத்துக்கு அப்பால் புதர்க்காடு தொடங்கியது. சாப்பாட்டில் பிரியாணியும் மிளகு போட்டு வறுத்த கறியும் இருந்தன. கிருபாகரனே பரிமாறினார்.

வறுத்த கறியை வாயில் போட்ட வச்சலாவுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. ஆட்டுக்கறியின் கொழுப்பு இல்லை. நிறமும் கறுப்பாக இருந்தது.

"இன்னா கறி சார் இது?"

"ஆடுதாம்மா. நம்ம பண்ணை ஆடு."

பண்ணைக்குள் வந்ததிலிருந்து அவள் ஒரு ஆட்டையும் பார்க்கவில்லை, ஒரு புழுக்கையையும் மிதிக்கவில்லை. இன்னொரு துண்டை எடுக்கப் போன சங்கவியின் காலை மேசைக்கடியில் மிதித்தாள்.

கை கழுவப் பின்பக்கம் போனாள். கொட்டகையில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. மார்க்கெட்டில் அவள் வைத்திருப்பதைவிடப் பெரியது. வேலை செய்கிற பெண் ஒருத்தி அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வச்சலா பக்கத்தில் போனாள், அவள் எழுந்திருக்கவில்லை.

"மீனா கீது உள்ள?"

"தெரியாதுக்கா. தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

வச்சலா நிலத்தைப் பார்த்தாள். மல்லாட்டைச் செடி ஓரத்தில் மேய்ந்து மேய்ந்து மொட்டையாக இருந்தது. "மாடு வுட்டுட்டீங்களா?"

"மான்க்கா. காட்டுலேர்ந்து வரும், கூட்டமா."

"தொரத்த மாட்டீங்களா?"

அந்தப் பெண் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "வர்றது தெரியும். எல்லாம் திரும்பிப் போவுதான்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

மறுநாள் வியாபாரம் முடிந்ததும் வச்சலா நேராகச் செங்கல்பட்டுக்குப் போய் ஞானதாஸ் மாஸ்டர் முன்னால் நின்றாள். ரேஞ்சில் வேறு யாரும் இல்லை. கூரையில் புதுத் தகடு போட்டிருந்தது. போன மழையில் அது ஒழுகிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தேவைப்படவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு மாஸ்டர். லைசென்ஸ் வந்தா அந்தத் துப்பாக்கி எங்க இருக்கும்?"

"உங்க வீட்ல வைக்க வசதி இல்ல. இங்கயும் தோட்டாத் துப்பாக்கி வைக்கிற ஏற்பாடு இல்ல. அதனால கிருபாகரன் சார் பண்ணையில... அங்க இரும்பு லாக்கர் இருக்கு. அவர் பொறுப்பாளராக் கையெழுத்துப் போடறார்."

"தோட்டா?"

"அதுவும் அங்கதான்."

"அப்போ எம் பொண்ணு பேர்ல துப்பாக்கி, எம் பொண்ணு பேர்ல தோட்டா, ரெண்டும் அவர் வூட்ல. அவர் பேர்ல ஏன் வாங்கல?"

மாஸ்டர் புதுக் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவர் முன்னாடி லைசென்ஸ் கேட்டாரு. கெடைக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல."

"நீ கேக்கல மாஸ்டர்" என்றாள் வச்சலா. "நான் கேக்கறேன்."

விண்ணப்பத்தில் போடவேண்டிய தன் கையெழுத்தைப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் வெடித்தது. சங்கவி ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்! மீன் மேல சந்தேகம், நோட்டு மேல சந்தேகம், மனுசங்க மேல சந்தேகம். நீ எதையாவது கண்ணால பாத்தியா? பாத்தியாமா?"

"பாக்கல."

"பின்ன?"

உண்மையில் வச்சலா எதையும் பார்க்கவில்லை. ஒரு கறியின் ருசி, ஒரு பெண்ணின் பேச்சு, கடையில் கேட்ட இரண்டு கேள்வி, அவ்வளவுதான். சங்கவி அன்றிலிருந்து பேசுவதை நிறுத்தினாள். ரேஞ்சுக்குப் போவதையும் நிறுத்தினாள். லட்சுமணன் இருவருக்கும் நடுவில் தட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

கிருபாகரன் ஒருநாள் மார்க்கெட்டுக்கே வந்தார். கோபமாக இல்லை. "நல்லது செய்ய வந்தா இப்படியாம்மா? பரவால்ல. ஆனா வெளியில தப்பாப் பேசிட்டுத் திரியாதீங்க. மீன் விக்கிறவங்க பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கு, அதைக் கெடுத்துக்காதீங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, மீன் வாங்காமல் போனார். மிரட்டினாரா, வருத்தப்பட்டாரா? வச்சலாவால் தீர்மானிக்க முடியவில்லை. ஒருவேளை அவர் நல்லவராகவே இருந்து, மகளின் வழியைத் தானே அடைத்துவிட்டோமோ என்றும் தோன்றியது. இந்தச் சந்தேகம் மற்றதையெல்லாம்விட அவளை அதிகம் படுத்தியது.

கொஞ்ச காலத்தில் செய்தி வந்தது. அந்தத் துப்பாக்கி ஹர்ஷவர்தன் என்ற பையன் பெயரில் வாங்கப்பட்டுவிட்டது. அதே ரேஞ்சில் சுடுகிறவன். அவன் அம்மா விஷாகா சிறுசேரியில் மென்பொருள் கம்பெனியில் வேலை. தகப்பன் வெளிநாட்டில்.

வச்சலா பஸ் ஏறி மகாபலிபுரம் போய், அங்கிருந்து மாறிக் கேளம்பாக்கம் வழியாகச் சிறுசேரி போனாள். கம்பெனி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் விஷாகாவே வெளியே வந்தாள். நிழலில் நிற்க வைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, பொறுமையாகக் கேட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள், "நீங்க நேர்ல எதையும் பார்க்கல, இல்லையா?"

"இல்லம்மா. ஆனா துப்பாக்கியும் தோட்டாவும் உங்க கைல இருக்கணும்னு மட்டும் கேளு. அதுக்கு அவர் ஒத்துக்கறாரான்னு பாரு."

விஷாகா கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணுக்குக் கிடைக்காம என் பையனுக்குக் கிடைச்சது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். எனக்குப் புரியுது."

வச்சலாவுக்கு முகம் சுட்டது. "வரேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, தானும் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தால் இதையேதான் நினைத்திருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. யார் என்றே தெரியாத ஒருத்தி வந்து சொல்வதை எதற்கு நம்ப வேண்டும்?

ஆனாலும் விட்டுவிட முடியவில்லை. அடுத்த வாரம் வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சடையப்பன் என்ற வனவர் இருந்தார். மீன் விற்பவள் துப்பாக்கியைப் பற்றிப் பேசியதும் முதலில் அவளைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

"அந்த ஆளுக்கும் உங்களுக்கும் என்ன தகராறு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"மானைச் சுட்டதைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"கறியைப் பார்த்தீங்களா?"

வச்சலா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். மான்கறி தின்றாலும் குற்றம்தான் என்று மார்க்கெட்டில் பேசிக்கொள்வது அவளுக்குத் தெரியும். பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம். சொல்லவில்லை.

"சாப்ட்டேன் சார். எம் பொண்ணும் சாப்ட்டுது. அது இன்னா கறின்னு தெரியாமத்தான் சாப்ட்டோம். ஆனா ஆடு இல்ல."

சடையப்பன் பேனாவைக் கீழே வைத்தார். "போங்கம்மா. நாங்க பார்த்துக்கறோம்" என்றார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. இங்கேயும் வேலை நடக்காது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு விடியற்காலை, செய்யூரிலிருந்து கடற்கரைச் சாலைக்கு வரும் வழியில் சடையப்பனும் வனத்துறை ஆட்களும் ஒரு வண்டியை நிறுத்தினார்கள். ஐஸ் பெட்டியில் மேலாகக் கானாங்கெளுத்தி மீன்; அதற்கடியில் பாலித்தீனில் கட்டிய கறி. அன்று மதியத்துக்குள் கிருபாகரன் பண்ணையைச் சோதனை போட்டதில் புள்ளிமான் தோலும் கொம்பும், முன்பு மான் பிடிக்க வைத்த கம்பிக் கண்ணிகளும் கிடைத்தன. தொலைநோக்கி மாட்டிய அந்த மெலிந்த துப்பாக்கியும் கிடைத்தது. மகாபலிபுரத்துப் பக்கம் வார இறுதி விருந்துகளுக்குக் கறி போய்க்கொண்டிருந்ததாக ஓட்டுநர் சொன்னான்.

துப்பாக்கி ஹர்ஷவர்தன் பெயரில். வனத்துறை, காவல்துறை இரண்டும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டின. பையனுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் அந்தத் துப்பாக்கியை மொத்தமே இரண்டு முறைதான் தொட்டிருந்தான்.

மார்க்கெட்டில் செய்தி வந்தபோது வச்சலா சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் அவளைப் புகழவில்லை. மறுநாளிலிருந்து அந்தச் சாலையில் மீன் வண்டிகளையெல்லாம் நிறுத்திப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். வனத்துறையில் போய்ச் சொன்னது வச்சலாதான் என்று பரவியிருந்ததால், ஐஸ் உருகி மீன் வீணானதற்கு எல்லோரும் அவளைத் திட்டினார்கள். ரேஞ்சும் விசாரணைக்காகப் பூட்டப்பட்டது.

நாலைந்து நாள் கழித்து விஷாகா அவளைத் தேடிக்கொண்டு மார்க்கெட்டுக்கே வந்தாள். தூக்கமில்லாத கண். ஈரத் தரையில் செருப்பு வழுக்க, பெட்டிக்கு எதிரில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னீங்க. நான் கேட்கல."

"நானும் பாக்கலம்மா. சந்தேகம்தான் பட்டேன்" என்றாள் வச்சலா.

"என் பையனுக்கும் தெரிஞ்சுதான் நடந்ததுன்னு அந்த ஆளோட வக்கீல் சொல்றார். வேட்டைக்கு அவனும் வந்தான்னு. நான் யார்கிட்ட போய் இல்லன்னு நிரூபிக்கறது?" சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது.

வச்சலா கத்தியைக் கழுவி வைத்தாள். பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அன்றே இருவரும் சடையப்பனிடம் போனார்கள். துப்பாக்கி முதலில் தன் மகள் பெயரில் வாங்கப்படவிருந்தது, தேர்ந்தெடுத்தது கிருபாகரன், பண்ணையில்தான் வைப்பேன் என்றது அவர், அப்போதே தான் வந்து சொன்னது, எல்லாவற்றையும் வச்சலா வாக்குமூலமாகக் கொடுத்தாள். கறி சாப்பிட்டதையும் விடவில்லை.

"இதை எழுதினா நீங்களும் கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும்" என்றார் சடையப்பன்.

"எழுது சார்."

ஞானதாஸ் மாஸ்டரும் வந்து சாட்சி சொன்னார். அதற்கு வச்சலா இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார வேண்டியிருந்தது. பையன் பெயர் குற்றப்பத்திரிகையில் சேராமல் போனது. கிருபாகரன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். வழக்கு இன்னும் செங்கல்பட்டில் நடக்கிறது. ஹர்ஷவர்தன் சுடுவதை விட்டுவிட்டான்.

சங்கவி அம்மாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்தவளுக்குத் தட்டை எடுத்து வைத்து, "அந்தப் பையன் அழுதானாமா?" என்று கேட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"தெரியல. அவங்க அம்மா அழுதுச்சு" என்றாள் வச்சலா.

ரேஞ்ச் திறக்க ஆடி மாதம் ஆகிவிட்டது. படிப்புக்காக வெளியூர் போகும் சென்னைப் பெண் ஒருத்தி உரிமம் தேவைப்படாத தன் ஏர் ரைஃபிளை விற்பதாக மாஸ்டர் சொன்னார். அம்மாவும் மகளும் போய்ப் பார்த்தார்கள். கட்டையைச் சரிசெய்து சங்கவி தோளில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் கனம். பரவாயில்லை என்றாள். வச்சலா அந்தப் பெண்ணின் தாயிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். சங்கவி வெட்கத்தில் நெளிந்தாலும் கிளம்பலாம் என்று ஒருமுறை கூடச் சொல்லவில்லை.

இப்போது அது அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி லட்சுமணனிடம். அவன் கடலுக்குப் போகும் நாட்களில் மட்டும் அதை மகளிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். வச்சலா அதைக் கேட்டு வாங்குவதில்லை.